கருத்த சிவப்பு

செல்லூர்ச் சந்தின் மதிய வெயிலில் ரம்யாஸ்ரீ ஈரப் பட்டுநூல் கற்றையைத் தூக்கிப் பிடிக்கிறாள். மஞ்சிட்டி வேரைக் காய்ச்சி எடுத்த சாயம் சிவப்பாக ஏறாமல், பழைய வெல்லம்போலக் கருத்திருக்கிறது. "போர்த் தண்ணியவா ஊத்துனீங்க? அதுல இரும்பு கெடக்குன்னு எம்புட்டுத் தடவ சொன்னேன்!" பக்கத்து விசைத்தறிச் சத்தத்தை மீறிக் கத்துகிறாள். "லாரித் தண்ணி வரலையே," என்கிறார் கணவர் விஜய்ஆனந்த். "கடைச் சாயம் கொஞ்சம் போட்டா செவந்துரும். யாருக்குத் தெரியும்?" "கல்யாணப் பொண்ணு தோலுக்குத் தெரியும். ரசாயனம் பட்டாலே தடிக்குதுன்னுதானே நம்மகிட்ட முகூர்த்தச் சேல நெய்யச் சொல்லிருக்கு!" என்கிறாள் அவள். அவர் பானையைச் சாய்க்கிறார், கருஞ்சாயம் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குள் போகிறது. மீதமிருக்கும் ஒரே வெள்ளைக் கற்றையை மடியில் வைத்துக்கொண்டு, அதை நனைக்கத் துணிவில்லாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.