மச்சானுக்கு ஒரு கத்தி

மடக்குக் கத்தியின் பழைய பிடியைக் கழற்றிவிட்டு, இருபுறமும் புதிதாகப் பொருத்திய மரத்துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான் கணவன்.

"அண்ணன் வர்ற நேரம். இப்போ எதுக்குங்க கத்தி?" மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மச்சானுக்காகத்தான்."

மரப்பட்டறையில் நடந்ததற்குப் பிறகு அண்ணனுக்கும் அவனுக்கும் முகம் கொடுத்துப் பேச்சே இல்லை.

"அவரு என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"பேசறதுக்கு என்ன இருக்கு?" அவன் நிமிராமல் தேய்த்தான்.

அழைப்பு மணி அடித்தது. அவள் அடுப்பை அணைப்பதற்குள் அவன் கத்தியோடு வாசலுக்குப் போய்விட்டான்.

"ஐயோ, என்னங்க!" அலறிக்கொண்டு ஓடினாள்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தான். கத்தி இப்போது அண்ணனின் வலது கையில் இருந்தது. அன்று பட்டறையில் கணவன் அவசரப்பட்டு ஓடுகிற ரம்பத்தில் பலகையைத் தள்ளியதில், அந்தக் கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. மிஞ்சிய மூன்றும் பிடியில் செதுக்கியிருந்த பள்ளங்களில் அச்சாகப் பொருந்தின.

கணவன் தலைகுனிந்து நின்றான்.

அண்ணன் கத்தியை ஒருமுறை விரித்தான், மடக்கினான்.

"நழுவவே இல்ல மாப்ள" என்றான். "சரி, உள்ள வான்னு கூப்பிட மாட்டியா?"