கயிற்றுக் கைப்பிடி

படாளம் காயலான் கடையில் வாங்கிய பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரை, மாமல்லபுரத்தில் நூர்முகமதுவின் ரிப்பேர் கடைக்குத் தூக்கி வந்தான் ஜோஷ்வா.

"எந்த வருஷத்துது பாய்?"

நூர்முகமது பின்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரில் குத்தியிருந்த எண்ணைப் படித்தார். "எழுபத்திரண்டு. வால்யூம் நாபும் முன்பக்கத் துணியும்கூட அப்பத்துதான். உள்ள துரு புடிச்சிகீது. கடல் தண்ணி குடிச்சிருக்கு."

"இந்தக் கைப்பிடி?" ஜோஷ்வா அதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

அவர் குரல் இறங்கியது. "அது கம்பெனிது இல்ல, வலைக்கயிறு. ரெண்டாயிரத்து நாலு, நவம்பர்."

"மாசம்கூடவா தெரியும்?"

"நான் கட்டினதுப்பா. அடுத்த மாசம் சுனாமி வந்து வூட்டோட சேத்து இதையும் வாரிக்கினு போச்சு."

ஜோஷ்வாவின் கை கயிற்றிலிருந்து தானாக விலகியது.