கிணறும் மீசையும்

"மீசை இருக்கா இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க டீச்சரம்மா!"

மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே, கிணற்றடியில் நின்று வீரய்யா மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினார்.

ஜெயந்தினி கல் கட்டிய கயிற்றை மூன்றாவது முறையாகக் கிணற்றுக்குள் இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தாள். மூன்று முறையும் ஒரே அளவுதான். ஒன்பது அடி தண்ணீர்.

அவளுடைய கணக்குப்படி, போன வாரமே இந்தக் கிணறு வற்றியிருக்க வேண்டும்.

பகலில் பதுளையில் ஜுனைதீன் முதலாளியின் இரும்புக்கடையில் வேலை. மாலையில் நீர்ப்பாசன வகுப்பில் மாணவி; வீரய்யாவுக்கு மட்டும்தான் அவள் டீச்சரம்மா. அதுதான் ஜெயந்தினியின் நாள். பயிற்சிக்காக அவளுக்குக் கொடுக்கப்பட்டது மொனராகலைப் பக்கத்தில் வீரய்யாவின் அரை ஏக்கர். மே மாதம் போனால் மழை எட்டிப் பார்க்காத மண். லுணுகலையில் தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்த வீரய்யாவும் மனைவி இராசமணியும் இந்த ஒரு கிணற்றை நம்பித்தான் மிளகாய் போட்டிருந்தார்கள்.

ஜூன் மாதம் அவள் கடையிலிருந்து ஓர் அகன்ற அலுமினியத் தொட்டியைக் கொண்டுவந்து வெயிலில் வைத்து, தண்ணீர் நிரப்பினாள். காகம் குடிக்காமலிருக்க மேலே கம்பி வலை. உள்ளே, நிரம்பிய மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு சிவப்புக் கோடு.

"வெயில் இதுல எவ்வளவு குடிக்குதோ, அத வச்சு செடிக்கு எவ்வளவு வேணும்னு கணக்குப் போடலாம் அண்ணே. தண்ணி கோட்டத் தொடுற அன்னைக்கு மட்டும் பாய்ச்சுங்க. நாலு நாளைக்கு ஒருக்கா வரும். தொட்டதும் தொட்டிய மறுபடி நெரப்பிடுங்க."

"எனக்கே ஒரு நாளைக்கு மூணு தடவ டீ வேணும். செடிக்கு நாலு நாளைக்கு ஒண்ணா?" என்று சிரித்தார் வீரய்யா.

"தினம் பாய்ச்சுனா ஓகஸ்ட் இருபதோட கிணறு வத்திரும். செடியில கொச்சிக்கா பழுக்கிற நேரத்துல தண்ணி இருக்காது."

"தினமும்தான் பாய்ச்சுவேன். வத்துச்சுன்னா மீசைய எடுத்துட்டு லுணுகலைக் கடைத்தெருவுல நடக்கிறேன். போதுமா?"

அதற்குப் பிறகு பரீட்சை வந்துவிட்டது. ஜெயந்தினியால் நேரில் வர முடியவில்லை. தொட்டித் தண்ணீரின் அளவை மட்டும் இராசமணி தினமும் காலையில் போனில் அனுப்பினார். 'தினசரி நீர்ப்பாய்ச்சல் தொடர்ந்தால், ஓகஸ்ட் இருபதில் கிணறு வற்றும்' என்று எழுதி அறிக்கையைக் கொடுத்துவிட்டாள்.

அதைச் சரிபார்க்கத்தான் இன்று விரிவுரையாளர் மதுசூதனன் அவளுடன் பஸ் ஏறி வந்திருந்தார். கணக்குச் சரியென்றால், அடுத்த போகத்தில் இந்த ஊரின் பதினொரு கிணறுகளுக்கும் அதே முறை. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்கே. பிழையென்றால் இரண்டும் இல்லை.

"கிணறு வத்தேல்லையே பிள்ளை. எங்க பிழைச்சது?" என்று கேட்டார் மதுசூதனன்.

"தெரியல சேர். நாலு தடவ கூட்டிப் பாத்தேன். ஊத்துத் தண்ணியக் கொறைச்சுப் போட்டுட்டேனோ என்னவோ."

மதுசூதனன் வீரய்யாவிடம் திரும்பினார். "ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டனீங்களோ?"

"நான் சொன்னா சொன்னதுதான் சேர்," என்றார் வீரய்யா, கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே.

இராசமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"அப்ப நான் இதில என்னெண்டு கையெழுத்துப் போடுறது?" மதுசூதனன் பேனாவை மூடினார்.

"வேணாம் சேர்." ஜெயந்தினி கயிற்றைச் சுருட்டினாள். "எனக்கே என் கணக்குல நம்பிக்க இல்ல. பதினொரு குடும்பத்துக்கு எப்படிச் சொல்லுவேன்? இனி வகுப்புக்கும் வரல."

அவள் தொட்டியருகே போனாள். வலை புதுக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. தண்ணீரைக் கொட்டுவதற்காகத் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"ஐயோ, கவுத்துராதீங்க!"

வீரய்யா வரப்பைத் தாண்டி ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "இத எங்க கொண்டு போறீங்க?"

"கடைக்கு. உங்களுக்கு எதுக்குண்ணே இது? அதான் நீங்க ஜெயிச்சிட்டீங்களே."

"வச்சிட்டுப் போங்களேன்."

"எதுக்கு? மாட்டுக்குத் தண்ணி காட்டவா?"

வீரய்யா மதுசூதனனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள படிப்பையே விட்டுட்டுப் போகுது," என்றார் இராசமணி. "இப்பவாச்சும் சொல்லுங்க. மீசை ஒண்ணும் கொட்டிறாது."

வீரய்யாவின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"மொத வாரம் தினமும்தான் பாய்ச்சுனேன் டீச்சரம்மா. கிணறு ஒண்ணரை அடி எறங்கிருச்சு. மீசை போயிருமேன்னு பயந்துட்டேன்." அவர் தொட்டியை மெல்ல இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இதையும் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, அடுத்த தண்ணி என்னைக்கு விடணும்னு நான் எந்தக் கோட்டப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?"