நல்ல தண்ணி

எடை கூடிய கனநீரைக் குடித்த எலிக்கு உடலின் கடிகாரம் மெதுவாகி நாள் நீண்டுபோகும். தினமும் முந்தின நாளைவிடத் தாமதமாகத்தான் விழிக்கும். கனநீர் ஊற்றவேண்டிய ஏழாம் கூண்டு எலியோ மூன்று வாரமாக மணி தவறாமல் விழித்தது. ஆய்வாளர் தமயந்தி அதன் குப்பியை முகர்ந்தாள். குளோரின் வாடை. குழாய்த் தண்ணீர்!

"கேன்ல இருந்த தண்ணி எங்கண்ணே?"

கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் இருளப்பன் தலையைச் சொறிந்தார். "ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன் மேடம், இனிச்சுச்சு. எங்க ஊரு பூரா உப்புத் தண்ணி. இம்புட்டு நல்ல தண்ணிய எலிக்கு ஊத்த மனசு வரல. மாசமா இருக்கிற மகளுக்குக் கொண்டுபோயிட்டேன்."

தமயந்தி நாட்காட்டியைப் பார்த்தாள். "பிரசவம் என்னைக்கு?"

"டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் பத்து நாளாச்சு. வலியே காணோம். பிள்ளை அசையுதாம் மேடம். மெள்ள... ரொம்ப மெள்ள."