கைடை விட்டுடாதீங்க!

"அதோ, வெள்ளைக் கோட்டு! அவர்தான் நம்ம கைடு. யாரும் அவரை விட்டுடாதீங்க!" வேனிலிருந்து குதித்த பி.டி. வாத்தியார் விரலை நீட்டிக் கத்தினார்.

கடற்கரைச் சாலை ஓரமாக நின்றிருந்த இளைஞர் திடுக்கிட்டுத் திரும்பினார். முறுக்கு மீசையோடு ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய ஆட்கள். மறுகணம் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

"பாத்தியா, வணக்கம், சௌக்கியமான்னு நேரத்தை வீணாக்கல. நேரா வேலையில இறங்கிட்டார்" என்று மனைவியிடம் மெச்சினார் வாத்தியார். வெள்ளை உடுப்பில் கைடு ஒருவர் காத்திருப்பார் என்று பயணக் கம்பெனி சொல்லியிருந்தது. இவர் கோட்டு மடிப்புக்கூடக் கலையாத புதுசு. ஷூவும் புதுசு போல, காலைக் கடித்து நொண்ட வைத்தது.

வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். கழுத்திலிருந்த விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதை எடுத்து ஓர் ஊது ஊதினார். வேனில் கூட வந்த அவர் தெருக்காரர்கள் அத்தனை பேரும் வரிசை கட்டிக்கொண்டு கைடின் பின்னால் ஓடினார்கள். விசில் சத்தம் கேட்டதும் கைடின் வேகம் இரட்டித்தது.

ஒரே நாள் பயணம். பொழுது சாய்வதற்குள் வேன் திரும்பிவிடும். வாத்தியாரின் மனைவி இதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா" என்று கல்யாணமான புதிதில் அவர் கொடுத்த வாக்கு, வருஷா வருஷம் ஏதாவது ஒரு விளையாட்டுப் போட்டியில் அடிபட்டுப் போய், இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான். இன்றைக்கும் சொதப்பினால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள் என்று வாத்தியாருக்குத் தெரியும்.

கைடு முதலில் கலங்கரை விளக்கத்துக்குள் பாய்ந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். கூட்டமும் நாக்குத் தள்ள ஏறியது. உச்சியில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

வாத்தியாரின் மனைவி அங்கிருந்து கடலை முழுசாகப் பார்த்தார். "இவ்வளவு தண்ணியா! யாருக்குங்க இது எல்லாம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றவரைக் கவனித்தார்.

"ஏன் தம்பி இப்படி வேர்த்துக் கொட்டுது? புதுசா?"

"இன்னைக்குத்தாம்மா..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யோசிக்க ரெண்டு நாள் டைம் கேட்டேன். யாரும் காதுலயே வாங்கல. எல்லாத்தையும் பெரியவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

எந்த முதலாளிதான் வேலைக்காரன் பேச்சைக் கேட்டான் என்று அந்த அம்மா மனசுக்குள் நினைத்துக்கொண்டார். "ஆரம்பத்துல எல்லாருக்கும் கை கால் உதறத்தான் செய்யும். போகப் போகப் பழகிடும்ப்பா. இந்த மனுஷனோட நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டலையா?"

"இந்த மனுஷன்" அந்த நேரம் பார்த்து, ஆட்களை எண்ணுவதற்காக விசிலை ஊதினார். கைடு உருளாத குறையாகப் படியிறங்கினார்.

மீன் ஏலக் கூடத்தில் கூடைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போனார். "கிட்டத்துல பார்த்தாத்தான் மீனோட அழகு தெரியும்னு சொல்லாமச் சொல்றார்" என்றார் வாத்தியார். கூட்டமும் குனிந்தே போனது.

அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் விலாவுக்குள் நுழைந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது எவ்வளவு பெரிசு என்று அளந்து காட்டுகிறார் என எல்லாரும் கை தட்டிப் படம் பிடித்தார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த உல்லாசப் படகில் தாவி ஏறினார். வாத்தியார் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்தி, ஒருத்தர் விடாமல் ஏற்றினார்.

வழியில் வேறு இரண்டு வேன்களில் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இப்படி வாயே திறக்காமல், கால் ஓயாமல் சுற்றிக்காட்டும் கைடு லேசில் கிடைப்பாரா?

கடைசியாக, கடலுக்குள் நீண்டு கிடந்த மரப்பாலத்தில் ஓடினார். பாலம் முடிந்தது. மூன்று பக்கம் தண்ணீர், நாலாவது பக்கம் வாத்தியார்.

சாரல் முகத்தில் தெறிக்க, வாத்தியாரின் மனைவி சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். "இவ்வளவு நாள் காக்க வெச்சதுக்கு உங்க மேல இருந்த கோபமெல்லாம் போயிடுச்சுங்க" என்றார்.

வாத்தியார் பெருமையாக மீசையை முறுக்கிக்கொண்டார். கைடுக்கு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். கூட்டமும் நெருங்கிச் சூழ்ந்தது.

"தம்பி, உங்களை மாதிரி ஒருத்தரை நாங்க விடறதா இல்ல!"

கைடு தண்ணீரைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். பொத்தென்று முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"ஓடி வந்தது தப்புதாங்க. வாங்க, மண்டபத்துக்கே போயிடலாம். உங்க வீட்டுப் பொண்ணையே கட்டிக்கிறேன்!"