கால் ஊன்றும் உயரம்

"இந்த வயசுல உங்களுக்கு மோட்டார் சைக்கிள் கேக்குதா? சிக்னல்ல விழுந்த காயமே இன்னும் ஆறல."

ஷோரூம் வாசலிலேயே மனைவி ஆரம்பித்துவிட்டாள். கணவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

"அந்தப் பழைய வண்டி உயரம். கால் எட்டல, சாஞ்சிட்டேன். எட்டுற மாதிரி ஒண்ணு வாங்கிட்டா தீர்ந்துது."

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். பின் சீட்டிலிருந்து அவளும்தானே விழுந்தாள்? பின்னால் வந்த லாரி அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றதைப் பார்த்தவள் அவள்தான். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் இந்த மனிதர் தனக்கு மிஞ்சமாட்டார் என்கிற பயம் அவளைத் தூங்கவிடவில்லை. வாங்கித்தான் தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். தாழ்வான வண்டியாகவாவது இருக்கட்டும் என்றுதான் கூடவே வந்திருந்தாள்.

விற்பனையாளர் ஓடி வந்தார். "ஐயாவுக்கு ஸ்கூட்டர் காட்டட்டுமா? பெரியவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க."

"அது சின்னச் சக்கரம். ஒரு குழியில இறங்கினா இடுப்பு கழண்டுடும். மோட்டார் சைக்கிளே காட்டுங்க. சீட் தாழ்வா இருக்கணும், எடை கம்மியா இருக்கணும். உதைச்சு ஸ்டார்ட் பண்ற வேலையே கூடாது."

விற்பனையாளர் காட்டக் காட்ட, கணவர் ஒவ்வொரு வண்டியையும் கையால் தடவிப் பார்த்தார். ஆயுசு முழுக்க மெக்கானிக். எங்கேயோ பார்த்துக்கொண்டு இன்ஜினுக்குள் கையை விட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் போகுமா?

"நீ ஏறி உக்காரு" என்றார் அவளிடம்.

"நல்லா இருக்கே! ஓட்டப் போறது நீங்க, அளவு எனக்கா?"

"ரெண்டு பேரும் ஒரே உயரம்தானே? நீ உக்காந்தா நான் வெளியில நின்னு சத்தத்தைக் கேப்பேன்."

ஒரே உயரம் என்பது நிஜம். ஸ்கேல் வைத்து அளந்து எடுத்த ஜோடி என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். கல்யாணமான புதிதில் பட்டறைச் சந்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மகன் பிறக்கும் வரை கடைத்தெருவுக்கெல்லாம் ஓட்டிப் போனவள், அதற்குப் பிறகு பின் சீட்டோடு சரி. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வண்டியில் அவளுடைய கட்டை விரல்தான் தரையைத் தொட்டது. வேண்டாம் என்றார். அடுத்ததில் ஹேண்டில்பார் எட்டத்தில் இருந்தது. "குனிஞ்சே ஓட்டினா தோள்பட்டை பிடிச்சுக்கும்." அதுவும் கழிந்தது. இன்னொன்றில் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முட்டி ரொம்ப மடங்குது. ராத்திரியெல்லாம் வலிக்கும்" என்றார்.

இவருக்கு எப்போது முட்டி வலி வந்தது? அந்த வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான். ஆண்பிள்ளை, வலியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

விற்பனையாளருக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மாவுக்குச் சரியா இருந்து என்ன ஐயா பண்றது? நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்களேன்."

கணவர் கையை ஆட்டி மறுத்தார். "இன்னும் தாழ்வா ஒண்ணு எடுங்க" என்றார்.

கடைசியாக வந்த வண்டியில் அவளுடைய இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. முதுகு நிமிர்ந்திருந்தது. கணவர் குந்தி உட்கார்ந்து, அவள் செருப்புக்கும் தரைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"இதுதான்" என்றார். "ஸ்டார்ட் பண்ணு."

பட்டனை அமுக்கினாள். வண்டி அலட்டாமல் உறுமியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். இதிலிருந்து இவர் விழமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனசு லேசானது.

"சரி, இதையே வாங்குங்க. ஆனா மெதுவாத்தான் ஓட்டணும், சொல்லிட்டேன்."

"இது என்ன கலரும்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "வண்டிக்கு முன்னாலயே நின்னுக்கிட்டு என்ன கேள்வி இது? நல்ல சிவப்பு."

"சிவப்பா? நல்லதாப் போச்சு. நீ ஓட்டிக்கிட்டுப் போறப்ப ரோட்டுல எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரியும்." வண்டியைத் தடவிக்கொண்டே வந்து, பின் சீட்டைக் கண்டுபிடித்து, அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "அன்னிக்குக் கால் எட்டாம விழலம்மா, ஊன்றின இடத்துல பள்ளம் இருந்தது எனக்குத் தெரியல. கண் டாக்டர் கையை விரிச்சுட்டார், இப்ப உன் முகமே தெரியல."