அன்னாசி மயக்கம்

பிரவுசிங் சென்டரில் படித்துவந்த செய்முறைப்படி, அன்னாசிச் சாறு, தேங்காய்ப்பால், ஒளித்துவைத்திருந்த ரம் மூன்றையும் கலந்தான் தாம்பரம் பிரசன்னா. இரண்டு தம்ளரிலேயே நண்பன் டேவிட் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், தரை சுத்துதுடா!"

அந்த நேரம் பார்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல பாஸ்டர் வந்தார். பிரசன்னாவின் மனைவி சினேகா அந்த ஜூஸையே அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டாள். வாயைத் திறந்தால் சபையில் மானம் போய்விடும். பாவம், பிரசன்னாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"நல்லாருக்கேம்மா!" என்று இரண்டு தம்ளர் குடித்து, நான்கு துண்டு கேக்கும் தின்றுவிட்டுப் பாஸ்டர் புறப்பட்டார்.

"அடிப்பாவி, அதுல ரம் இருக்குடி!"

"உங்க ரம்மா? அது மொத்தமும் கேக்குல போட்ட பழத்துல ஊறிடுச்சு. பாட்டில்ல நான் ஊத்தி வெச்சது டீ டிகாஷன்."

டேவிட் சுவரிலிருந்து மெல்லக் கையை எடுத்தான்.

வாசலில் பாஸ்டரின் குரல் குழறியது. "சினேகாம்மா, உங்க வீட்டுக்கு எப்போம்மா ரெண்டு கேட் வெச்சீங்க?"